மாற்று ஆள் இல்லாத பணி: சென்னை மேற்குப் புறநகரின் மயக்கவியல் மருத்துவர்கள்

பாடி மேம்பாலத்தைத் தாண்டி சி.டி.எச். சாலையில் மேற்கே போனால் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம். அதற்குத் தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரம், வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, திருமழிசை. இந்த இரண்டு சாலைகளையும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களையும் ஒட்டி, பத்து முதல் முப்பது படுக்கை வரை உள்ள நர்சிங் ஹோம்கள் நிறைய இருக்கின்றன. கீழே மருந்துக்கடையும் ஓ.பி.யும், மாடியில் பிரசவ அறையும் ஆபரேஷன் தியேட்டரும். உரிமையாளர் பெரும்பாலும் மகப்பேறு மருத்துவராகவோ அறுவை மருத்துவராகவோ இருப்பார்; பெயர்ப் பலகையில் அவர் பெயர் பெரிதாக இருக்கும். நோயாளியை மயக்கி, அறுவை முடியும்வரை அவருடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் காத்து, மறுபடி நினைவுக்குக் கொண்டுவருகிற மருத்துவரின் பெயர் அந்தப் பலகையில் இருக்காது. பெரும்பாலான இடங்களில் அவர் அந்த மருத்துவமனையின் ஊழியரே அல்ல. கேஸ் வரும்போது வெளியிலிருந்து அழைக்கப்படுகிறவர்.

இந்தப் பகுதி தொழிலாளர்களால் வளர்ந்த பகுதி. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. அதே பத்தாண்டில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து (எச்.வி.எஃப்.) விஜயந்தா டாங்கிகள் வெளிவந்தன. தொழிற்சாலைகளோடு அவற்றின் மருத்துவமனைகளும் வந்தன: ஆவடியில் எச்.வி.எஃப். மருத்துவமனை, அம்பத்தூரில் டி.ஐ. குழுமத்தின் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை. பிறகு போரூர், வேலப்பன்சாவடி, நசரத்பேட்டை, தண்டலம் என்று பெங்களூரு செல்லும் திசையில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆக, மயக்கவியல் மருத்துவர்கள் இங்கே நான்கு வகையாக வேலை செய்கிறார்கள்: அரசு மருத்துவமனையில் இருப்பவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், எம்.டி. படிக்கும் மாணவர்கள், நர்சிங் ஹோம்களுக்குப் போய்வரும் தனி மருத்துவர்கள். இவர்களில் சிலர் பகலில் ஒரு வகையாகவும் இரவில் இன்னொரு வகையாகவும் இருப்பார்கள்.

இவர்களுடைய மனநலத்தைப் பற்றியும் பணிச்சோர்வைப் பற்றியும் உலகெங்கும் பத்தாண்டுகளாக ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவற்றைப் படித்து, இந்தப் பகுதியின் வேலை முறையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று. இந்த மருத்துவர்களை வாட்டுவது வேலையின் கடுமை மட்டுமல்ல. தான் நகர்ந்தால் தன் இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை என்ற நிலைதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. தூக்கமின்மை, விடுப்பு எடுக்க முடியாமை, மேசையில் ஒரு மரணம் நேர்ந்த பிறகும் அடுத்த கேஸுக்கு நிற்க வேண்டிய கொடுமை, தன் நோயை மறைக்கும் பழக்கம் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

சோர்வின் அளவு

பர்ன்அவுட் என்ற பணிச்சோர்வு நிலையை 1974இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எழுதிக் காட்டினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஒரு வினாத்தாளை வகுத்தார்; இன்றைய ஆய்வுகள் பலவும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குத் தெளிவான வரையறை தந்தது. சக்தி முழுவதும் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தன்னால் எதுவும் உருப்படியாக நடப்பதில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. நோய் என்றால் மருந்து மருத்துவருக்குத் தரப்பட வேண்டும். பணியின் விளைவு என்றால் மருந்து பணியிடத்துக்குத் தரப்பட வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர்களிடையே இதன் பரவலை விரிவாக அளந்தது அத்துறையின் அமெரிக்கச் சங்கம். 2020 மார்ச்சில், கொரோனா உச்சத்தைத் தொடும் முன்பே எடுத்த கணக்கில் 59.2 சதவீதம் பேர் பர்ன்அவுட்டின் உயர் அபாயத்தில் இருந்தார்கள். மூன்று கூறுகளும் முற்றியவர்கள் 13.8 சதவீதம். 2022 நவம்பரில் மறுபடி அளந்தபோது அவை 67.7, 18.9 என்று ஏறியிருந்தன. காரணங்களை ஆராய்ந்தபோது மற்றெல்லாவற்றையும் விட வலுவாக நின்றது ஒன்றே: பணியிடத்தில் தனக்கு ஆதரவு இல்லை என்ற உணர்வு. வேலை நேரமும் ஆள் பற்றாக்குறையும் அதற்குப் பின்னால்தான் வந்தன. நன்றாகச் சம்பளம் பெறும், வசதியான மருத்துவமனைகளில் வேலை செய்யும் மருத்துவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் நாடு தழுவிய ஒரு கருத்தாய்வை 2017இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் வேலை அழுத்தம் மிக்கது என்றார்கள். நேர நெருக்கடி, வழக்கு பற்றிய பயம், வீட்டு வாழ்வில் வேலை குறுக்கிடுவது ஆகியவை முதன்மையான காரணங்களாக வந்தன. அந்த மூன்றும் ஆவடியில் இருக்கும் ஒருவரைக் கேட்டாலும் அப்படியே வரும்.

எண்ணிக்கைக் குறைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு வாதம் உண்டு. ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 5 மயக்கவியல் மருத்துவர்கள் வேண்டும் என்பது உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு வைத்த அளவு. அந்தக் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட உலகக் கணக்கில் இந்தியா ஒன்றுக்குச் சற்று மேல் மட்டுமே நின்றது. தர்மபுரிக்கும் இராமநாதபுரத்துக்கும் இந்த வாதம் சரிதான். அம்பத்தூருக்கு அப்படியே பொருந்தாது. சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகள், ஆண்டுதோறும் எம்.டி. முடித்து வெளியே வரும் இளைஞர்கள், அண்ணாநகரும் முகப்பேரும் கூப்பிடு தூரத்தில். ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனியாக நிற்கிறார்கள்; ஒருவருக்கொருவர் போட்டியாகவும் நிற்கிறார்கள். ஒரு இரவு “இன்னிக்கு முடியாது சார்” என்று சொன்னால் அந்த நர்சிங் ஹோம் அடுத்த எண்ணை அழைக்கும். மறுநாளிலிருந்து அந்த இன்னொருவரையே அழைக்கும். மறுக்க முடியாத நிலை அங்கிருந்து தொடங்குகிறது.

ஓர் அழைப்பு எப்படி வருகிறது

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்தியச் சராசரி 21.5. அந்த எண் சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஒரு மயக்கவியல் மருத்துவர் வேண்டும், குழந்தை பிறக்கும் நேரம் பகல் இரவு பார்ப்பதில்லை. இரவு ஒன்றரை மணிக்குப் போன் அடிக்கும். “மேடம், எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்., குழந்தைக்கு ஹார்ட் ரேட் இறங்குது. எவ்வளவு நேரத்துல வருவீங்க?” முகப்பேரிலிருந்து பட்டாபிராமுக்கு அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அரை மணி நேரம். வண்டியின் பின் இருக்கையில் பை தயாராக இருக்கும்: லாரிஞ்சோஸ்கோப், குழாய்கள், ஸ்பைனல் ஊசிகள், அவசர மருந்துகள். அந்த நர்சிங் ஹோமில் எது இருக்கும், எது இருக்காது என்று நம்ப முடியாததால் எல்லாவற்றையும் தானே சுமப்பது இங்கு வழக்கம்.

தியேட்டருக்குள் போனதும் வேறொரு சிக்கல். ஒவ்வோர் இடத்திலும் மயக்க மருந்து செலுத்தும் பாயில்ஸ் மெஷின் ஒவ்வொரு மாதிரி. ஓரிடத்தில் சக்ஷன் சரியாக இழுக்காது. இன்னோரிடத்தில் மாற்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும். மூச்சுக்காற்றின் கரியமிலவாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. உதவிக்கு நிற்கும் நர்ஸ் புதியவர். பெரிய மருத்துவமனையில் பயிற்சி பெற்ற உதவியாளரும் மேலே ஒரு மூத்த மருத்துவரும் இருப்பார்கள். இங்கே அவசரம் வந்தால் கூப்பிட அந்தக் கட்டடத்தில் இரண்டாவது மயக்கவியல் மருத்துவர் கிடையாது. ஸ்பைனல் கொடுத்த அடுத்த நிமிடம் இரத்த அழுத்தம் இறங்கும்போது அந்த அறையில் அதைப் புரிந்துகொள்பவர் ஒருவர் மட்டுமே. இந்தத் தனிமையைப் பற்றி வெளியே இருப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ, இதுதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய சுமையாகத் தெரிகிறது.

நான்கு மணிக்கு முடியும். நோயாளி நிலைப்படும்வரை இருந்துவிட்டுக் கிளம்ப ஐந்து ஆகும். ஏழரைக்குப் பூந்தமல்லியில் முதல் கேஸ் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. பித்தப்பை லேப்ராஸ்கோப்பி, பிறகு ஒரு ஹெர்னியா. அதை முடித்து மதுரவாயல் பைபாஸ் வழியாகத் திரும்பும்போது பகல் இரண்டு மணி. கட்டணம் கேஸ் கணக்கு. அது அன்றே கையில் கிடைக்கும் இடமும் உண்டு, மாதக்கணக்கில் நினைவூட்டினால் கிடைக்கும் இடமும் உண்டு. காத்திருந்த நேரத்துக்கும், வந்து பார்த்தபின் அறுவை ரத்தானதற்கும் பெரும்பாலும் எதுவும் இல்லை. படுத்தால் காசில்லை என்ற இந்த ஏற்பாட்டில் யார் தூங்குவார்கள்?

அரசு மருத்துவமனையில் சம்பளம் நிலையானது. சுமை வேறு விதமானது. தாலுகா அளவு மருத்துவமனையில் ஓரிருவரே இருந்தால் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைக்கான சீமாங்க் மையத்தின் இரவும் பகலும் அவர்கள் தலையில். கேஸ் கணக்கில் தனியார் மயக்கவியல் மருத்துவரை அழைத்துக்கொள்ளும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் உண்டு. அப்படி வருகிறவர் பெரும்பாலும் நாம் மேலே பார்த்த அதே தனி மருத்துவர்தான்.

தூக்கமின்மை என்ன செய்கிறது

1997இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் செயல்திறனுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்ட அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டியவரை மதுரவாயல் சுங்கச்சாவடி அருகே போலீஸ் நிறுத்தி ஊத வைக்கும். 24 மணி நேரம் விழித்த மருத்துவரை யாரும் நிறுத்துவதில்லை. அவரும் வண்டி ஓட்டுகிறார், அடுத்த நோயாளிக்கு மருந்தளவும் கணக்கிடுகிறார்.

பிரிட்டனில் 2015இல் இரவுப் பணி முடித்து வீட்டுக்குக் காரோட்டிச் சென்ற ஒரு பயிற்சி மயக்கவியல் மருத்துவர் விபத்தில் இறந்தார். அதன் பிறகு அங்குள்ள மயக்கவியல் சங்கம் நடத்திய கணக்கெடுப்பில், பயிற்சி மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரவுப் பணிக்குப் பின் வீடு திரும்பும்போது விபத்தையோ, மயிரிழையில் தப்பிய நிலையையோ சந்தித்ததாகச் சொன்னார்கள். சோர்வுக்கு எதிரான தொடர் இயக்கம் அங்கிருந்து பிறந்தது: இரவுப் பணியாளருக்குப் படுக்கை உள்ள ஓய்வறை, பணியிடையே குட்டித் தூக்கத்துக்கு அனுமதி, களைத்தவர் வண்டி ஓட்டாமல் மருத்துவமனையிலேயே தூங்கிப் போக வசதி. பெரிய செலவு எதுவும் இல்லை. அதிகாலை ஐந்து மணிக்குக் கன்டெய்னர் லாரிகளோடு சென்னை பைபாஸில் போட்டி போட்டுத் திரும்பும் நம் மருத்துவர்களுக்கு இந்த மூன்றும் கிடைப்பது அரிது.

ஓய்வறை இல்லாததன் கொடுமையை 2024 ஆகஸ்டில் நாடே பார்த்தது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நீண்ட பணிக்குப் பின் கருத்தரங்கு அறையில் படுத்திருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். பெண் மருத்துவர்கள் நிறைய பேர் இருக்கும் மயக்கவியலில் இது வெறும் செய்தி அல்ல. இரவு இரண்டு மணிக்குத் தனியாகக் கார் ஓட்டி, பாதி இருட்டான தெருவில் நிறுத்தி, தெரியாத கட்டடத்துக்குள் நுழைவது அவர்களுடைய வாராந்திர வாழ்க்கை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அழைப்பு வரும் ஒவ்வொரு முறையும் யாரை எழுப்பிக் குழந்தையைக் கொடுப்பது என்பது தனிக் கணக்கு. இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர் ஒரு பெண்: 1880களின் இறுதியில் குளோரோஃபார்ம் மயக்க மருந்தை ஆராய்ந்த ஹைதராபாத் ஆணையங்களின் காலத்தில் பணியாற்றிய ரூபாபாய் ஃபர்தூன்ஜி. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய வாரிசுகளுக்குப் பாதுகாப்பான ஒரு படுக்கை கேட்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. ரெசிடென்ட் மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992லேயே அறிவுறுத்தியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகள் “நியாயமான வேலை நேரம்” என்றும் வாரம் ஒரு நாள் விடுப்பு என்றும் சொல்கின்றன. 2024இல் அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. 48இல் தொடங்கி 74இல் வந்து நிற்கிறோம். அந்தக் குழுவின் இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். இவர்களில் ஒரு பகுதியினர்தான் நாளை இந்தப் புறநகர் நர்சிங் ஹோம்களுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறவர்கள்.

விமானிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதிகளைத் திருத்தி விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியது. நிறுவனங்கள் முணுமுணுத்தாலும் அது நடைமுறைக்கு வந்தது. தனி மயக்கவியல் மருத்துவருக்கு அப்படி ஓர் எல்லையை வகுக்கும் விதி எதுவும் நடைமுறையில் இல்லை. அவர் யாருடைய ஊழியரும் அல்லர் என்பதே அதற்குக் காரணம்.

மேசையில் ஒரு மரணம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தத் தொழிலில் ஒரு நாள் அது நடக்கும். பனிக்குட நீர் இரத்தக்குழாய்க்குள் புகுந்து, நிமிடங்களில் ஒரு தாய் போய்விடலாம். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஒரு கருத்தாய்வில், 84 சதவீத மயக்கவியல் மருத்துவர்கள் தங்கள் பணிக்காலத்தில் எதிர்பாராத மரணம் அல்லது கடும் பாதிப்பு ஒன்றையாவது சந்தித்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிந்தைய நான்கு மணி நேரத்தில் தங்கள் திறன் குறைந்திருந்தது என்று 67 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் 7 சதவீதம் மட்டுமே. 19 சதவீதம் பேர் அந்த நிகழ்விலிருந்து முழுமையாக மீளவே இல்லை என்றார்கள்.

ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட மருத்துவர்களை இரண்டாவது பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுதினார். முதலில் பாதிக்கப்பட்டவர் நோயாளியும் அவர் குடும்பமும்தான், அதில் ஐயமில்லை. ஆனால் கைகள் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை அடுத்த நோயாளியின் தலைமாட்டில் நிறுத்துவது அந்த அடுத்த நோயாளிக்குச் செய்யும் அநீதி. நம் நர்சிங் ஹோம்களில் நடப்பது இன்னும் கடினமானது. மரணச் செய்தி வெளியே போனதும் உறவினர்கள் திரள்வார்கள். பலகையில் பெயர் இல்லாத, குடும்பம் முன்பின் பார்த்திராத மயக்க மருந்து டாக்டர் மீதுதான் முதல் சந்தேகம் விழும். “மயக்க மருந்து ஜாஸ்தி கொடுத்துட்டாங்க” என்ற ஒரு வாக்கியம் போதும்.

பயம் காரணமற்றது அல்ல. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர் சேதுலட்சுமி தன் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சிகிச்சை பெற்ற கர்ப்பிணி ஒருவர் இறந்ததை ஒட்டி நடந்த கொலை அது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2008லேயே வந்துவிட்டது. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி கத்தியால் குத்தப்பட்டபோது அதே சட்டம் மறுபடி நினைவூட்டப்பட்டது. வழக்குகளைப் பொறுத்தவரை, 1995இல் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம், சுயேச்சையான மருத்துவக் கருத்துப் பெறாமல் மருத்துவரைக் குற்ற வழக்கில் அவசரமாகக் கைது செய்யக்கூடாது என்று வழிகாட்டியது. இந்தப் பாதுகாப்பு இருப்பதே தெரியாமல் காவல் நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவருக்கு, அந்த இரவில் தேவைப்படுவது பக்கத்தில் நிற்க ஒரு மூத்தவரும் ஒரு வழக்கறிஞரும்தான்.

இங்கே சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று உண்டு. மயக்க மருந்துகளும் வலிநிவாரணிகளும் இவர்களுடைய கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருப்பவை. அவற்றுக்கு அடிமையாகும் ஆபத்து இத்துறையின் தொடக்கத்திலேயே இருந்தது. 1840களில் நைட்ரஸ் ஆக்சைடைப் பயன்படுத்திய முன்னோடி ஹொரேஸ் வெல்ஸ், குளோரோஃபார்மைத் தன் மீதே சோதித்து அதற்கு அடிமையாகி, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். போதைப் பழக்கத்தில் விழுந்த மருத்துவரைக் கண்டுபிடித்தால் அவமானப்படுத்தித் துரத்துவது எளிது. ஆனால் அப்படித் துரத்துவார்கள் என்று தெரிந்தால், எவரும் உதவி கேட்டு வரமாட்டார்கள். லண்டனில் 2008இல் மருத்துவர்களுக்கென்றே தொடங்கிய இரகசியம் காக்கும் சிகிச்சைச் சேவை, பிறகு இங்கிலாந்து முழுவதும் பரவியது. அங்கே வருகிறவர் தன் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த உறுதிதான் அதன் வெற்றிக்கு அடிப்படை.

என்ன செய்யலாம்

யோகா வகுப்பு, மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி, மனநல வாரச் சொற்பொழிவு ஆகியவை இன்று பல மருத்துவக் கல்லூரிகளில் நடக்கின்றன. அவற்றால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். 2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு, தனிநபர் முயற்சிகளும் அமைப்பு மாற்றங்களும் இரண்டுமே பர்ன்அவுட்டைக் குறைப்பதாகக் காட்டியது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த மற்றொரு தொகுப்பாய்வு, பணியமைப்பை மாற்றும் முயற்சிகளின் பலன் தனிநபர் பயிற்சிகளைவிட அதிகம் என்றது. முப்பது மணி நேரம் விழித்தவரைப் பிராணாயாமம் செய்யச் சொல்வதைவிட அவரை வீட்டுக்கு அனுப்புவது மேல்.

மாற்று ஆளைக் கொண்டுவருவதில் ஒரு நியாயமான தயக்கம் உண்டு. அறுவையின் நடுவே மயக்கவியல் மருத்துவர் கைமாறினால் நோயாளிக்கு ஆபத்து கூடுமா? 2018இல் கனடாவின் ஒன்டாரியோ தரவுகளை ஆராய்ந்தவர்கள் கூடுகிறது என்று எழுதினார்கள். 2022இல் ஜெர்மனியில் முறையாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனையில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆக, ஒழுங்கான ஒப்படைப்பு முறை இருந்தால் கைமாற்றம் ஆபத்தானதல்ல என்று ஏற்கலாம். இந்த விவாதம் நமக்கு முக்கியம். ஏனென்றால் “நானே இருந்தால்தான் சரி” என்பதை நம் மருத்துவர்கள் பெருமையாகவே கருதுகிறார்கள். அந்தப் பெருமை அவர்களுடைய உடம்பைத் தின்கிறது.

இந்தப் பகுதிக்கு நான் முதலில் வேண்டுவது குழுப் பணி. நான்கைந்து மயக்கவியல் மருத்துவர்கள் சேர்ந்து ஒரே தொலைபேசி எண் வைத்துக்கொள்ளலாம். இரவு அழைப்பை முறைவைத்து ஒருவர் எடுத்தால் மற்றவர்கள் தூங்கலாம். நர்சிங் ஹோம் தனி ஆளோடு பேசாமல் குழுவோடு ஒப்பந்தம் செய்தால், ஒருவர் மறுத்ததற்காக அவர் பிழைப்பு போகாது. கடினமான கேஸுக்கு இரண்டாவது ஆள் வருவார். மேசையில் மரணம் நேர்ந்தால் அன்றைய மீதிப் பட்டியலை வேறொருவர் எடுத்துக்கொள்வார். போட்டியாளர்கள் எப்படிச் சேர்வார்கள் என்று கேட்கலாம். வருமானத்தைப் பங்கிடும் கணக்கு எழுத்தில் தெளிவாக இருந்தால் சேர்வார்கள். இந்தியாவின் பெருநகரங்களில் இப்படிப்பட்ட குழுக்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

காத்திருப்புக்குக் கட்டணம் வேண்டும். இரவு முழுவதும் ஒரு மருத்துவமனைக்காகத் தயாராக இருப்பதும் வேலைதான். அறுவைக் கட்டணம் பெற்ற மருத்துவமனை, மயக்கவியல் மருத்துவரின் பங்கைக் குறித்த நாளுக்குள் தர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். படுக்கையும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் ஓய்வறையை, பதிவு பெற்ற ஒவ்வொரு அறுவை மருத்துவமனைக்கும் கட்டாயமாக்கலாம். மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் அதன் 2018ஆம் ஆண்டு விதிகளும் கையில் இருக்கின்றன. தியேட்டரில் கேப்னோகிராஃப் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வாளர் ஓய்வறையையும் பார்க்க முடியும்.

1947இல் தொடங்கிய இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கத்துக்குக் குடும்ப நல நிதி ஒன்று உண்டு. உறுப்பினர் இறந்தால் சக உறுப்பினர்களின் பங்களிப்பு அந்தக் குடும்பத்துக்குச் சேர்கிறது. நல்ல ஏற்பாடு; பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. அதே ஒற்றுமையை உயிரோடிருக்கும்போதே காட்ட முடியும். மரணம் நேர்ந்த அன்று இரவு நேரில் வந்து நிற்கும் இரண்டு மூத்தவர்கள், தயாராக ஒரு வழக்கறிஞர், மனநல மருத்துவரிடம் இரகசியமாக அனுப்பும் ஒரு வழி. சென்னைக் கிளை மனம் வைத்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு மட்டும் சோதனையாக இதைத் தொடங்கலாம். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் மயக்கவியல் மருத்துவருக்கு: இரவுகள் தூங்க விடாமல் துரத்தினால், வாழ்வதே பாரமாகத் தோன்றினால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டின் உதவி எண் 104 இரண்டும் எந்நேரமும் உண்டு. தமிழில் பேசலாம், பதவியைச் சொல்ல வேண்டியதில்லை.

நர்சிங் ஹோம் வாசலில் கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கு: மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவர் பெயர் என்ன, அறுவைக்கு முன் அவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். திட்டமிட்ட அறுவை என்றால், அவர் நேற்றிரவு தூங்கினாரா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு நாள் தள்ளிப்போட ஒப்புக்கொள்ளுங்கள்.